உரியவர்

வெள்ளிக்கிழமைகளில்
டூனா சோற்றுருண்டை ஏழு மணிக்கே தீர்ந்துவிடும்.
நாடாளுமன்றத்துக்கு இரண்டு சிக்னல் தள்ளி எங்கள் கடை.
வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் நரை.
நிதானமாகச் சில்லறை எண்ணுவார்கள்,
கழிப்பறைக்கு வரிசையில் நிற்பார்கள்,
பிறகு நகல் இயந்திரத்தின் முன் குனிந்து
பத்துப் பத்து யென்னாகப் போட்டு
ஒரே வாக்கியத்தை முப்பது முறை
சுடச்சுட வாங்கிப் போவார்கள்.

கதவு திறக்கும்போதெல்லாம்
மேளச் சத்தம் ஒரு கரண்டி உள்ளே விழும்.
மூடினால்
வறுத்த கோழி விளம்பரம்.

"உங்க ஊர்ல சின்னப் பசங்களே இல்லையா?"
பால் பெட்டிகளை அடுக்கியபடி கேட்டாள் பிரமிளா.
காத்மாண்டுக்காரி.
தம்பி தெருவில் இறங்கிய அந்த வாரம் முழுக்க
இடைவேளையில் கைபேசியைத் தின்றவள்.
நான் சிரித்துவைத்தேன்.
இங்கே சிரிப்பும் செல்லும், சில்லறை மாதிரி.

கோபமில்லை என்றால் பொய்.
எடுத்துப் போனால் எட்டு சதவீதம் வரி,
இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் பத்து:
நாளைக்கு நூறு தடவை
சட்டத்தை ஒப்பிக்கிற வாய் இது.
என் கல்விக்கடன் தீரும் மாதம்
எனக்கு முப்பத்தொன்பது நடக்கும்.

பள்ளியில்
கல், கத்தரி, காகிதம் போட்டு
வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம்.
தோற்றவன் தலைவன்.
நான் ஒருமுறை தோற்றேன்.
ஜன்னல்களைச் சாத்தும் பொறுப்பு கிடைத்தது.

சிகுசா போனாள், இரண்டு முறை.
யாரோ எடுத்த படத்தில்
அட்டைக்குப் பின்னால் அவளுடைய அரை முகம்.
அந்த வசந்தத்தில் பதினோரு கம்பெனிகள்
அவள் எதிர்காலம் சிறக்கப் பிரார்த்தித்துக்
கடிதம் போட்டன.
படத்தால்தான் என்று எவரும் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
இப்போது குன்மாவில்
ஒரு பல் மருத்துவமனையில் பெயர் கூப்பிடுகிறாள்.

அவளுடைய கதையை
மழையில்லாத நாளிலும் குடை போல வைத்திருக்கிறேன்.
எந்தப் படத்திலும் இல்லாமலே
பதின்மூன்று கம்பெனிகளில் தோற்றவன் நான்
என்பதை மட்டும் அதில் சேர்ப்பதில்லை.

ஒருமுறை, குப்பை கொட்டப் போன சாக்கில்
சிக்னல் வரை நடந்தேன்.
கையுறை போட்ட போலீஸ்காரர்
"சிரமத்துக்கு மன்னிக்கணும், நடைபாதையை விட்டு இறங்காதீங்க" என்றார்.
என்னிடம் அல்ல; பொதுவாக.
ஆனாலும் நான்தான் தலை குனிந்தேன்.
யாரோ ஒரு பெண்மணி துண்டறிக்கை நீட்டினாள்.
இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி,
எரிக்கக்கூடியவை என்ற தொட்டியில் சேர்த்தேன்.
முறைப்படி.

ஒன்பதே முக்கால்.
தங்கள் குப்பையைத் தாங்களே பொறுக்கிக்கொண்டு
கலைந்துவிட்டார்கள்.
நகல் இயந்திரத்தைத் துடைக்க மூடியைத் தூக்கினால்
கண்ணாடியில் முகங்குப்புற ஒரு தாள்.

மறந்துவிட்டுப் போனதெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும்.
பொருள்: தாள், ஒன்று.
நிறம்: வெள்ளை.
அடையாளம்:

இங்கே பேனா நின்றது.
நீல மை, அவசரமில்லாத கையெழுத்து
என்று எழுதியிருக்கலாம். போதும்.
வாக்கியத்தை எழுதினேன்.
கட்டத்தில் அடங்காமல்
ஓரத்தில் மடங்கி ஏறியது.

"என்ன போட்டிருக்கு?"
பிரமிளாவுக்கு எங்கள் எழுத்து பாதிதான் வரும்.
வாசித்துக் காட்டினேன்.
"ரசீது வேண்டுமா" என்று கேட்கிற
அதே குரலில்.
"கேக்கலையே" என்றாள்.

குளிர்பெட்டி உறுமியது.
இன்னொரு தடவை வாசித்தேன்.

அதற்குள் கதவு.
டை தளர்ந்த ஒருவர், என் வயதுதான்,
"எண்பத்துநாலாம் நம்பர், ரெண்டு பாக்கெட்" என்றார்.
எடுத்துக் கொடுக்கும்போது
பதிவேடு திறந்தே கிடந்தது.
உரியவர் என்ற கட்டத்தில் நான் இன்னும்
ஒன்றும் எழுதவில்லை.
அவர் தலைகீழாக அதைப் படித்துக்கொண்டிருந்தார்,
மீதிச் சில்லறையை
எடுக்காமல்.