மூன்றடுக்கு

முதல் கேக் காளவாசல் திருப்பத்தில் போனது.
விழவில்லை. சாய்ந்தது.
மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்ப்பதுபோல
மேலடுக்கு மட்டும் இடப்பக்கம் குனிந்து
அப்படியே நின்றுவிட்டது.
மண்டபத்துச் சமையல்கட்டில்
கத்தியும் க்ரீமுமாக நிமிர்த்தினேன்.
மாப்பிள்ளை வீட்டார் கவனிக்கவில்லை.
பெண் கவனித்தாள். பாதிப் பணம்தான் வந்தது.

இரண்டாவது கேக்கைப் பற்றி எழுதமாட்டேன்.

வில்லாபுரம் நூருதீன் பட்டறையில்
எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் பையன்கள்,
காரைத் தரையோடு தரையாக இறக்க வந்தவர்கள்.
டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே
விரல் நுழையக் கூடாது அவர்களுக்கு.
"உங்களுக்கு எவ்வளவு இறக்கணும்க்கா?"
இறக்க வேண்டாம். சாயாம இருக்கணும்.
"ரேஸுக்கா?"
கேக்குக்கு.

அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அவரிடமே விட்டேன்.
ஒரு பக்கெட்டில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து
மடியில் வைத்துக்கொண்டு என்னை ஓட்டச் சொன்னார்.
தெற்குவாசல் பாலம் ஏறி இறங்குவதற்குள்
பாதித் தண்ணீர் அவர் பேன்ட்டில்.
"ஷாக் நாலும் செத்துப் போச்சு," பிழிந்தபடி சொன்னார்,
"எப்ப செத்துச்சுன்னுகூட உங்களுக்குத் தெரியல."

ஸ்பிரிங்கைக் கல்லாக்கினால் வளைவில் நிற்கும்,
ஒவ்வொரு வேகத்தடையும் கேக்குக்குள் இறங்கும்.
பஞ்சாக்கினால் தடை தெரியாது,
திருப்பத்தில் பரிசல்.
நடுவில் ஒரு இடம் இருக்கிறதாம்.
கம்பெனி ஸ்பிரிங்கே இருக்கட்டும் என்றார்.
நாலு கேஸ் ஷாக்,
விரிந்து வெடித்த புஷ்ஷுக்கெல்லாம் புதுசு,
பின்னால் ஒரு தடித்த ஆன்ட்டி ரோல் பார்.

அந்தக் கம்பியை முத்திருளன் தூக்கிக் காட்டினான்.
இரு முனையும் வளைந்த, கறுப்புப் பூச்சு மணக்கிற சாதாரணக் கம்பி.
"ரெண்டு வீலும் சேந்து மேட்டுல ஏறுனா
இது கம்முனு கெடக்கும்க்கா.
ஒண்ணு மட்டும் தூக்குனாத்தான் முறுக்கும்.
நீ தனியா எங்க போறேன்னு கேக்கும்."
உடனே புரிந்துவிட்டது.
என் நாத்தனார் இப்படித்தான்.

புது ஓவனுக்குச் சேர்த்த காசு.
பழைய ஓவன் கதவைக்
கயிறு கட்டித்தான் இன்னும் மூடுகிறேன்.
வீட்டுக்காரர் ரசீதை இரண்டு முறை படித்தார்.
"வெளிய பாத்தா ஒண்ணுமே மாறலையே டெல்ஃபின்."

சிறுமலையில் ஒரு நிச்சயதார்த்தம்.
ஏழு கிலோ, மூன்றடுக்கு, பட்டர்க்ரீம்.
பதினெட்டுக் கொண்டை ஊசி.
வாடிப்பட்டி தாண்டும்வரை கண் முழுக்கப் பின்கண்ணாடியில்.
மூன்றாம் வளைவில் பிடித்த மூச்சை
ஏழாவதில்தான் விட்டேன்.
பன்னிரண்டில் எதிரே வாழைத்தார் லாரி;
இடது சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது.
அடியில் ஒரு உறுமல்,
ஸ்டியரிங் வழியே உள்ளங்கைக்கு ஒரு சின்னத் தகவல்.
அவ்வளவுதான்.

மேலே போய்ப் பெட்டியைத் திறந்தால்
சர்க்கரை முத்து ஒன்று உருண்டு கிடந்தது.
ஒன்றே ஒன்று.
எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

இறங்கும்போது பின்பக்கம் காலி.
முதல் வளைவில் பழக்கத்தில் ஊர்ந்தேன்.
பிறகு யோசித்தேன், யாருக்காக?
பத்தொன்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன்.
பிள்ளை தூங்குகிறான் என்று,
மாமியாருக்கு முதுகுவலி என்று,
முட்டைத் தட்டு, க்ரீம், கண்ணாடிப் பாட்டில் என்று
கால் எப்போதும் பிரேக்கின் மேலேயே இருந்திருக்கிறது.
அடுத்த வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து
ஒரே வீச்சில் திருப்பினேன்.
கார் குனியவில்லை, தயங்கவில்லை,
நான் பார்த்த இடத்துக்கு வந்து நின்றது.
தனியாக, சத்தமாக, ஏதோ கத்தினேன்.
கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும்.

அடிவாரத்தில் டீ. போனில் நான்கு தவறிய அழைப்பு.
இடப்பக்கம் மதுரைக்குப் போகிற நேர் ரோடு.
வண்டியை மறுபடி மலையைப் பார்த்துத் திருப்பினேன்.
செக்போஸ்ட்டில் அதே ஆள் குனிந்து பார்த்தார்.
"எதையும் மறந்துட்டு வந்துட்டீங்களாம்மா?"
ஆமா, என்றேன்.