உலராத முகம்

என் வீட்டுச் சுவர்களில் நான் இரண்டு பேர்.

கணப்புக்கு மேலே இருப்பவள்
ஓவியர் வால்த்ராக் வரைந்தவள்.
பதினேழு அமர்வுகள்.
கழுத்தைத் திருப்பாதீர்கள், மதாம்,
மூச்சைச் சற்று மெல்ல விடுங்கள்.
தூரிகைத் தடம் ஒன்றுகூட இல்லை;
பூனை நக்கி முடித்த தட்டைப்போலக் கன்னம்.
நீலப் பட்டின் மடிப்புகளை
என் கணவர் வாய்விட்டு எண்ணினார்.
லியோன் நகரத்துப் பட்டு வியாபாரி,
முழம் என்ன விலையென்று தெரியும் அவருக்கு.
முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவள் படிக்கட்டுத் திருப்பத்தில் தொங்குகிறாள்.
வால்த்ராக்கோடு சண்டை போட்டு வெளியேறிய
மாணவன் பெஸ்ஸியே
இரண்டு மாத வாடகைப் பாக்கிக்காக
மூன்றே மாலைகளில் வரைந்தது.
பேசிக்கொண்டே இருங்கள் என்றான்.
பேசினேன்,
பதினொரு நாள் மட்டும் இருந்த குழந்தையைப் பற்றி.
அதுவரை யாரும் கேட்டதில்லை.
இவனும் கேட்டானா தெரியாது,
குனிந்து நிழலைக் குழைத்துக்கொண்டிருந்தான்
நிலக்கீலில்.
காய்ச்சிய தேனின் நிறம். அன்றைக்கு
விளக்கேற்றாமலே அறை தெரிந்தது.

நிலக்கீல் உலராது என்று
அவனும் சொல்லவில்லை.

ஐந்தாம் வருடம் நெற்றியில் வெடிப்பு.
பத்தாம் வருடம் சால்வை இருட்டோடு போனது.
சோன் நதி வற்றிக் கல் தெரிந்த ஓர் ஆகஸ்டில்
இடது கண் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.
முகத்தில் ஈயாடவில்லை என்பார்கள்.
என் முகத்தில் ஆடியது,
ஆடிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டது.
விருந்தாளிகள் மச்சம் என்று நினைக்கிறார்கள்.

கணவர் போனபின், கடன்காரர்கள் அனுப்பி
மதிப்பீட்டாளர் வந்தார்.
கணப்புக்கு மேலிருந்தவளை இறக்கச் சொன்னார்.
எண்ணூறு பிராங்க்,
தங்க முலாம் சட்டத்துக்குத் தனியாக நூறு.
படிக்கட்டில் நின்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
இது என்ன, மதாம், பழைய அடுப்புக் கதவா என்றார்.

ஆமாம் என்றேன்.

இரண்டு ஆட்கள் அவளை வண்டிக்குத் தூக்கிப்போனார்கள்.
இருபத்தாறு வயது, ஒரு சுருக்கமில்லை.
வாசலில் என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை,
திருப்பாதீர்கள் என்று சொல்லிவைத்திருந்தாரே.

இன்று காலை படியிறங்கும்போது
மெழுகுவர்த்தியை உயர்த்திப் பார்த்தேன்.
ஒரு காது மிச்சம். பாதி வாய்.
எதையோ சொல்ல ஆரம்பித்த வாய்.

முப்பத்தொரு வருடம் ஆகிறது.
விரலை வைத்தேன்,
ஒட்டியது.