ஐம்பத்தெட்டு வோல்ற்

மனையாவெளியில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை முன்னால்,
ஒரு வீட்டை நடுவால் பிரித்திருந்தார்கள்.
பூசாத புளொக்கல் சுவர்
விறாந்தையை வெட்டி, கூடத்தை வெட்டி,
சாமிப்படத்துக்கு அரையடி தள்ளி நின்றது.

"என்ர கரண்டைக் களவெடுக்கிறான், தங்கச்சி.
நீயே அளந்து பார்."
சொன்னவர் மூத்தவர், பேரின்பநாயகம்.
அந்தப் பக்கம் தவநாதன் இருமியது கேட்டது.
பதிலாக இருக்கலாம்.

முதலில் மூத்தவரின் பிளக்கில் குத்தினேன்.
231.
தெரிந்த இடத்தில் அளந்த பிறகுதான்
தெரியாத இடத்தில் கை வைப்பேன்;
மீற்றர் செத்திருந்தால்
எல்லா வயரும் செத்ததாகத்தான் காட்டும்.

பிறகு தம்பியின் பின்னறை.
ஃபேன் கழற்றிய கொக்கி. தொங்கும் இரண்டு வயர்.
உப்புக் காற்றில் செம்பு பாசி நிறம்.
பிரிந்த அன்று மூத்தவர் கூரைக்குள் ஏறி
லைனை மட்டும் வெட்டி ரேப் சுற்றினவராம்,
நியூட்ரலை மறந்துபோனார்.
கோபத்தில் வெட்டினால் அப்படித்தான்.

சிவப்பு முனை ஒன்றில், கறுப்பு மற்றதில்.
58.
பிறகு 61. பிறகு 57.
கச்சான் காற்றில் கொடிச்சீலை மாதிரி
நிலைகொள்ளாத இலக்கம்.

"பாத்தியா!"
ஸ்டூலில் ஏறியிருக்க வேண்டும்,
சுவருக்கு மேலே தலை.
"நான் தொடவே இல்லை, தங்கச்சி."
தவநாதனின் கண் மீற்றரில், குரல் என்னிடம்.
மூன்று வருசமாக அவர்கள் தங்களுக்குள் பேசுவதெல்லாம்
யாராவது மூன்றாம் ஆளைப் பார்த்துத்தான்.

பையிலிருந்து நாற்பது வாட் குண்டுபல்ப் ஒன்றை எடுத்து
அதே இரண்டு வயரிலும் கொழுவினேன்.
எரியவில்லை.
இலக்கம் விழுந்தது.
0.2. பிறகு அதுவும் இல்லை.

"இது களவு இல்லை, அண்ணை.
ஒரு நுளம்புக்கும் காணாது.
இந்த மீற்றருக்குக் காது கூர்மை,
குசுகுசுப்பையும் எழுதிப்போடும்."

"அப்ப அந்த ஐம்பத்தெட்டு எங்கயிருந்து வந்தது?"

"உங்கட வயரில இருந்துதான்.
வெட்டினதும் வெட்டாததும்
முகட்டுக்குள்ள இன்னும் ஒரே குழாயிலதான் கிடக்குது.
பக்கத்தில படுத்தா கொஞ்சம் தொத்தும்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே ஒரு புள்ளிமான்
வேலிக்கு இந்தப் பக்கச் செவ்வரத்தையை முடித்துவிட்டு
அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது.

முனைகளுக்குப் புது ரேப் சுற்றினேன்.
"பழைய வயரை இழுத்து எடுத்துவிடவா?"
"பிறகு பாப்பம்."
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கூலி ஆயிரத்தைந்நூறு.
ஆளுக்கொரு ஐயாயிரம் ரூபாத் தாள் நீட்டினார்கள்.
என்னிடம் மாற்ற இல்லை.

ஒழுங்கை முனைக் கடைக்குப் போனார்கள்,
மூத்தவர் முன்னால்,
தம்பி பத்தடி பின்னால்,
இருவரும் இடக்காலைக்
கொஞ்சம் இழுத்து இழுத்து.