அரவு

பெட்டிப் படத்தில் அது பால் வண்டி.
எப்பவோ ஒரு காலம் அமெரிக்காவில்
வீடு வீடாய்ப் போத்தல் இறக்கியிருக்கும்.
ஐந்துலாம்புச் சந்திக் கடைக்காரன்
பாதி விலைக்குத் தந்தான்,
இடப்பக்கக் கதவைக் காணவில்லையாம்.

கதவில்லாவிட்டால் என்ன,
நான் நாளுக்குப் பதினாறு பல் செய்கிறவள்.

ஏழரைக்குப் பிறகு
டொக்டர்மாரின் அழைப்பு ஓயும்.
அச்சுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
மேசை விளக்கை என் பக்கம் இழுப்பேன்.
கீழே வெள்ளவத்தை,
காலி வீதி நெடுக நூற்றொன்றின் ஹோர்ன்.

முதலில் கூரையை அறுக்க வேண்டும்.
ஹொட் ரொட் என்றால் அப்படித்தான்:
கூரை தணியும், மூக்கு இறங்கும்,
பின்சில்லு பெருக்கும், எஞ்சின்
மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு
வெளியே வந்து குந்தியிருக்கும்.
நான்கு மில்லிமீற்றர். அசல் வண்டியில் நான்கு அங்குலம்.
கிறவுண் வெட்டும் சில்லைத் தூணில் வைத்தபோது
கை நடுங்கிற்று.
எத்தனை பேரின் முன்பல்லுக்கு
நடுங்காத கை.

கதவுக்கு, இருந்த வலக்கதவைச்
சிலிக்கோனில் அச்செடுத்து வார்த்தேன்.
வந்தது
இன்னொரு வலக்கதவு.
வலது வேட்டைப்பல் இடதுக்குப் பொருந்தாது,
படித்த முதல் வாரமே சொல்லித்தந்தது.
தனியே இருந்தும் வெட்கமாய்ப் போயிற்று.
பிறகு மெழுகில் கையால் செதுக்கி
பல்செட்டுக்கு ஊற்றும் ரோசாப் பசையில் வார்த்தேன்.

பல் இழுக்கும் கம்பியை வளைத்து
எட்டுப் புகைக்குழாய்.
பல்லிடை நூலைக் கறுப்பில் தோய்த்து
பிளக் வயர்.
முன் கிறில்லுக்கு ஆறு பல் வைக்கலாமென்று
ஒரு கணம் தோன்றியது.
வேண்டாம். பகல் வேலை பகலோடு.

ஐப்பசி மழை.
அடித்த கறுப்பு விடியும்போது
மூச்சுப்பட்ட கண்ணாடியாய் வெளுத்துக் கிடந்தது.
பிறேக் ஒயிலில் ஊறப்போட்டு உரித்தேன்.
திரும்ப அடித்தேன். திரும்ப வெளுத்தது.
மூன்றாந்தரம் ஏசியைப் போட்டுவிட்டு
லைற் பில்லை நினைக்காமல் இருந்தேன்.
கதவை மட்டும் மூடி ஒட்டியிருந்ததில்
அது ரோசாவாகவே நின்றுவிட்டது.

"அக்கா, கதவுக்கு முரசு இருக்கு" என்றான் ஷிராஸ்.
பல் ஏற்றிப் போகிறவன் அவன்தான்,
நாலு வருசமாய், சொந்த பைக்கில்,
சாப்பாட்டுப் பார்சலுக்குப் பக்கத்தில்
தெகிவளைக்கு இரண்டு, கொட்டாஞ்சேனைக்கு ஒரு செட்.
பக்கவாட்டில் உன் பேரை எழுதட்டா என்று கேட்டேன்.
"வேணாம். பிறகு பொலிஸ்
எனக்குத்தான் தண்டம் எழுதும்."

ஆகவே படத்தில் இருந்தபடியே எழுதினேன்,
ஒற்றை மயிர்த் தூரிகையால்: பால்.
கூரை தணிந்து பக்கமும் குறுகியதில்
எழுத்து மூச்சுமுட்டி நின்றது.
இரவு பத்தே முக்காலுக்கு
பிளேட்டை எடுத்து
நடுவில் நின்ற அரவை
மெல்ல மெல்ல அராவி எடுத்தேன்.
அவ்வளவுதான்.
வேறொரு வண்டி.

லாச்சியில் ஒரு கிறவுண் கிடந்தது.
மட்டக்குளி லொறன்சியா, கீழ்க் கடைவாய்.
அளவு கொடுத்துப் போனவர் திரும்பி வரவில்லை,
மூன்று வருசம், தொலைபேசியும் வேலை செய்யாது.
இருபத்தைந்தில் ஒரு பங்கு உலகத்தில்
அது ஒரு றைஸ் குக்கர் அளவு.
பின்கதவால் ஏற்றி
உருளாமல் பஞ்சு வைத்தேன்.

காலையில் ஷிராஸ் விரலால் தள்ளிப் பார்த்தான்.
முன்சில்லு ஒன்றில் பசை ஊறியிருந்ததை
நான் சொல்லவில்லை.
மேசையில் படிந்த சாந்துத் தூளில்
மூன்று சில்லு உருண்டன,
ஒன்று கோடு கிழித்துக்கொண்டு போனது.

குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான்.
"பிறேக் கொஞ்சம் பிடிக்குது" என்றான்.
பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
"லொறன்சியா எந்த ஒழுங்கை?"