இரண்டாம் வயோலா

அறுபத்துநான்கு தடவை ஒரே சுரம்.
ஜெரோசா எனக்கு எழுதித் தந்தது அவ்வளவுதான்.
வீட்டில் பழகும்போது ஜவ்பர் காக்கா
மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டார்:
"தண்ணி மோட்டரில ஏதும் பிழையோ, தம்பி?"

சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை எனக்கு.
நகத்துக்கடியில் மாவோடுதான் வில்லைப் பிடிப்பேன்.
ஒபோ வாசிக்கத் திருமலையில் ஆளில்லை;
அந்த வரிகளைக் கிளாரினெட்டில் ஊதுகிறார்
துறைமுகக் கந்தோர் பார்த்தலோட்.
டிம்பனி இரண்டும் கொழும்பிலிருந்து
வெங்காய லொறியில் வந்தவை.
தட்டினால் இன்னும் மணக்கும்.

ஜெரோசா பகலில் கணிதம் படிப்பிக்கிறாள்.
ஏழு வருசம் எழுதினாளாம் இந்தச் சிம்பொனியை
மாதிரி வினாத்தாள்களின் பின்பக்கத்தில்.
எங்கே தொடங்கியது என்று ஒருநாள் கேட்டேன்.
மூதூர்ப் படகில், என்றாள். எஞ்சின் நின்றுபோய்
கொட்டியாரக்குடா நடுவில் முக்கால் மணித்தியாலம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை,
ஓர் ஆட்டைத் தவிர.
"ஆடு இரண்டாம் பகுதியில் வருது, கவனி."
கவனித்தேன். செலோவில், மூன்று இடத்தில்.

நேற்று ஒத்திகை. பங்கு மண்டபம்.
இரண்டாம் பகுதியில் கரண்ட் போனது.
தாள் இல்லை. ஜெரோசாவின் கை இல்லை.
முதல் வயலின் தடுமாறி நின்றது,
பிறகு கிளாரினெட்.
மெட்டு உள்ளவர்கள் அவர்கள்.
மெட்டு அறுந்தால் நுனி தேட வேண்டும்.

எனக்கு எண்ணிக்கை மட்டும்.
பத்தொன்பது. இருபது.
ஒத்தூதுகிறவன் என்றால்
எங்கள் வாயில் அது வசை.
இருட்டில் அந்த வசை தனியே நடந்தது,
கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

முப்பதில் செலோ வந்து தோளைத் தொட்டது.
ஆடு கத்தியது.
பின்வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.
நாற்பத்தொன்றில் வயலின்,
தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல,
பாதியிலிருந்தே.
பார்த்தலோட்டின் மூச்சு கேட்டது, பிறகு சத்தம்.
என் சுரம் எனக்குக் கேட்கவில்லை.
விரல் மட்டும் அதிர்ந்தது.
படகடியில் கை வைத்தால் இப்படித்தான் இருக்குமோ.

ஐம்பத்தெட்டில் வெளிச்சம் வந்தது.
எல்லோரும் தாளைப் பார்த்தோம்.
எல்லோரும் பிழைத்தோம்.

ஜெரோசா தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
"பத்தொன்பதிலிருந்து," என்றாள்.
"யாராவது லைற்றை நூருங்கோ."

பத்து மணிக்கு எனக்கு வேலை.
சைக்கிளை விட்டு உள்ளே போனால்
பெரிய சல்லடை ஓடிக்கொண்டிருந்தது
என் சுரத்துக்கு அரை இழை கீழே.
மாப்புழுதிக்குள் நின்று
அறுபத்தைந்து, என்றேன்.