மாற்ற இயலாதவை

செந்தூல் ஃபிளாட், பதினான்காவது மாடி.
சாப்பாட்டு மேசைமேல் இரண்டு மடிக்கணினிகள்,
நடுவில் ஒரு நீல வடம்.

பழையதற்கு ஒன்பது வயது.
விசைகளில் நான் ஒட்டிய தமிழ் எழுத்துகளில்
‘ம’ எப்போதோ உதிர்ந்துவிட்டது.
நிலையத்தில் நிற்கப்போகும் எல்ஆர்டி போல
அதன் விசிறி முனகும்.
புதியதை இன்று மாலை லோ யாட்டில் வாங்கினேன்.
“பழசைக் கொடு, நூற்றைம்பது ரிங்கிட் கழிக்கிறேன்”
என்றான் கடைப் பையன் ஜேசன்.
நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இன்னும் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம் என்கிறது திரை.
பிறகு பத்தொன்பது நிமிடம்.
பிறகு ஒரு நாள்.
வாடகை எப்போது என்று கேட்டால்
நான் சொல்லும் கணக்கும் இதுதான்.

கோப்புகள் போகின்றன.
தமிழ்ப்பள்ளிச் சுற்றறிக்கைகள்,
சர்க்கரை மாத்திரையின் விளக்கத்தாள்,
மலாயிலிருந்து நான் தமிழாக்கிய
எச்சரிக்கைகள், தண்டத் தொகைகள், வருந்துகிறோம்கள்.
‘பிறகு பார்க்க’ என்ற உறையில் அறுநூற்றுப் பதினொன்று.
பார்க்காமலே அனுப்புகிறேன்.

அடுத்து அமைப்புகள்.
எங்கெங்கே இணைந்திருந்தது என்ற வைஃபைப் பட்டியல்:
ஜாலான் ஈப்போ மாமாக் கடை,
பொது மருத்துவமனை,
கெப்போங் வீட்டுக்குப் புனிதமலர் வைத்த பெயர்,
‘இலவசமில்லை’.
அதன் கடவுச்சொல்லை இது இன்னும் மறக்கவில்லை.
சாவியை நான் திருப்பிக் கொடுத்து
ஆறு வருடம்.

பிழையில்லை என்று நான் சாட்சி சொன்ன சொற்களும்
ஒவ்வொன்றாய்க் கடக்கின்றன:
தாமான். பாசார் மாலாம். கெப்போங். புனிதமலர்.

கடைசியில் தானியங்கித் திருத்தம்.
நாற்பது பதிவுகள்.
முப்பத்தொன்பது என் கைப்பிழை.
ஒன்று அவள் செய்த வேலை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை
இரவல் வாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு
ஏதோ தட்டிவிட்டுத் தந்தாள்.
அன்றிலிருந்து
‘மன்னிக்கவும்’ என்று அடித்து இடைவெளி விட்டால்
‘மன்னிக்க ஒன்றுமில்லை’ என்று மாறிவிடும்.
ஒரு நாளைக்குப் பதினேழு முறை
யாரிடமாவது நான் மன்னிப்புக் கேட்கிறேனாம்,
எண்ணிப் பார்த்தாளாம்.

ஒருமுறை சுற்றறிக்கை அப்படியே அச்சாகிவிட்டது:
பேருந்து தாமதமானதற்கு மன்னிக்க ஒன்றுமில்லை.
இப்படிக்கு, தலைமையாசிரியர்.
மூன்று பெற்றோர் நேரில் வந்தார்கள்.
மலர் தரையில் உருண்டாள்.
எனக்குச் சிரிப்பு வர நான்கு நாள் ஆனது.

பிறகு அந்த முன்பணம்.
ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்.
வீட்டுக்காரர் என் கணக்கில் போட்டதை
இரண்டு மாதம் அவளிடம் சொல்லவில்லை.
கேட்டபோது, “எந்தப் பணம்?” என்றேன்.
அவள் பத்து பஹாட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.
பாதிப் பணத்தைப் பிறகு அனுப்பினேன்.
அதனுடன் ஒரு சொல்லும் அனுப்பவில்லை.

அனுப்ப உட்கார்ந்ததுண்டு.
சொல்லை அடிப்பேன், இடைவெளி விடுவேன்,
அவளே குறுக்கே வந்து
ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள்.
சரி, ஒன்றுமில்லையாமே என்று
மூடி வைத்துவிடுவேன்.
வசதியாக இருந்தது.
அந்தப் பதிவை நீக்கத் தெரியாதவள் இல்லை நான்.

இரவு இரண்டே கால்.
நூறு விழுக்காடு.
சில அமைப்புகளை மாற்ற இயலவில்லை என்றது திரை.
எவை என்று சொல்லவில்லை.

புதியதில் ஒரு தாள் திறந்தேன்.
மலர்,
மன்னிக்கவும்
இடைவெளி.

மாறவில்லை.
நான் அடித்தபடியே நின்றது.

கீழே ஜாலான் ஈப்போவில்
ஒரு லாரி கியர் மாற்றியது.
சொல்லுக்கு அப்பால் கர்சர்
விட்டு விட்டுத் துடித்தது.

பணத்துக்காக, என்று தொடங்கினேன்.
அழித்தேன்.

“எந்தப் பணம்?” என்று கேட்டதற்காக.