பதினொன்று பத்து

வூச் நகர மனநல மருத்துவமனை.
இரண்டாம் மாடி, பிப்ரவரி.
ஹீட்டர் மட்டும் ஏதோ முனகுகிறது.

கெனோவெஃபாவின் முன்னே ஒரு வெள்ளைத்தாள்.
"ஒரு கடிகாரம் வரையுங்கள்.
மணி பதினொன்று பத்து."

"காலையா, இரவா?"

கையேட்டில் அதற்குப் பதிலில்லை.
உங்கள் இஷ்டம் என்றேன்.
"அப்போ காலை. இரவென்றால் மாத்திரை வரும்."

வட்டம் நடுங்கி நடுங்கி
ஒருவழியாக மூடிக்கொண்டது.
யாருடைய நடுக்கம் இது?
எழுபத்தாறு வயதினுடையதா,
இருபத்தெட்டு வருட லித்தியத்தினுடையதா,
இப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வந்து உட்காரும் இன்னொன்றினுடையதா?
மூன்றுக்கும் ஒரே கையெழுத்து.

எட்டோடு இடம் தீர்ந்துவிட்டது.
ஒன்பதும் பத்தும் பதினொன்றும்
ஒன்றன் தோளில் ஒன்று தொற்றி நின்றன.
"நெரிசல்" என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தார்,
டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்:
"கடைசி வண்டியில் அப்படித்தான் ஏறுவார்கள்.
நான் யாரையும் இறக்கிவிட்டதில்லை."

முட்கள்
ஒன்று பதினொன்றுக்கு, மற்றது பத்துக்கு.
சொன்ன சொல்லை அப்படியே நம்பிய முட்கள்.
இரண்டு மதிப்பெண் கழித்தேன்.

பிறகு, கேட்காமலேயே,
வட்டத்துக்கு வெளியே குட்டையாய் ஒரு கோடு.
"இது?"
"சாவி. யாராவது முறுக்க வேண்டாமா?"

வெளியே விழுந்த கோட்டுக்கும் ஒரு பிழை உண்டு,
பட்டியலில் ஏழாவது.
அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தேன்,
எடுத்தேன்,
ஐந்துக்கு இரண்டு என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

படியிறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது,
பென்சிலைத்
திரும்ப வாங்கவில்லை.